முத்திரையைக் கொடுத்த வீட்டுக்காரி

சொந்தக் கட்டடம் இருக்கிறது, மாதம் பிறந்தால் வாடகை வருகிறது, உனக்கென்ன கவலை என்று பியோ கில்ரேயிடம் சொல்லாத ஆள் சோங்ஜூ நகரத்தின் அந்தப் பல்கலைக்கழகத்துப் பின்வாசல் சந்தில் ஒருவரும் கிடையாது. சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே! ஜனவரிக் குளிரில் இருநூற்றொன்றாம் அறையில் குழாய் உறைந்து வெடித்துத் தண்ணீர் கீழ்வீட்டுப் பையனின் கம்ப்யூட்டர் மேல் கொட்டியபோது வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர்களா? கேஸ் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டைச் சூடாக்குகிற பாய்லரை ஒரேயடியாக அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தாள் அந்த இருநூற்றொன்று மகராசி. அவளைப் போனில் பிடித்து, "பாய்லரை அணைக்காதேன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கேனேம்மா, இப்ப குழாய் வெடிச்சதுக்கு யாரு காசு கொடுக்கறது?" என்று கேட்டால், "உங்க குழாய்தானே ஆன்ட்டி" என்கிறாள். அந்தப் பதிலை வாங்கிக் கட்டிக்கொண்டது ஊராரா, கில்ரேயா?

கட்டடம் ஒன்றும் அரண்மனை இல்லை. கீழ் மூன்று மாடிகளில் மாடிக்கு மூன்றாக ஒன்பது ஒற்றை அறை வீடுகள். உச்சி மாடியில் கில்ரே. அவளும் அவள் புருஷன் மன்பொக்கும் இருபத்தேழு வருஷம் அதே சந்தில் சலவைக் கடை நடத்தி, மாணவர்களின் சட்டையையும் வாத்தியார்களின் கோட்டையும் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்த காசில், பாக்கிக்கு வங்கியில் கடன் வாங்கி எழுப்பியது. வயதான காலத்தில் மகனிடம் கை நீட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுடைய ஆசை. மன்பொக் இருந்தவரைக்கும் குழாய், சாக்கடை, சுவர், சண்டை எல்லாம் அவர் பாடு. ஒரு வசந்த காலத்துக் காலையில் அவர் மாடிப்படி விளக்கை மாற்றிவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர்தான். அன்றிலிருந்து எல்லாம் கில்ரே தலையில்.

தனியாக இரண்டு வருஷம் ஓட்டினாள். அதில் பட்ட பாட்டைச் சொன்னால் ஒரு புத்தகம் போதாது. சாப்பாட்டுக் கழிவைத் தனிப் பையில் போடாமல் சாதாரணக் குப்பையோடு கலந்து யாரோ வாசலில் வைத்துவிட, அபராதச் சீட்டு வீட்டுக்காரி பெயரில் வரும். கையுறை மாட்டிக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்து பையைப் பிரித்து, கோழிக் கடை ரசீதில் அறை எண் இருக்கிறதா என்று தேடுவாள். ஒன்பது வீட்டுக்கு ஐந்து வண்டிதான் நிறுத்தலாம்; ஆறாவது வண்டிக்காரன் நிறுத்திவிட்டுப் போனை எடுக்க மாட்டான். நூற்றிரண்டில் சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம் பூத்துவிட்டது. "ஜன்னலைத் திறந்து வைக்கலை நீ" என்று இவள் சொல்ல, "சுவரே ஒழுங்கில்லை உங்க வீட்டுல" என்று அவன் சொல்ல, சுவர்க் காகிதம் ஒட்டுகிறவன் நடுவில் நின்று, "யாரு தப்பா இருந்தாலும் என் கூலியைக் கொடுங்க, நான் போறேன்" என்றான். இன்னொருத்தி பூனை வளர்க்கவே இல்லை என்று சத்தியம் பண்ணிவிட்டுக் காலி செய்தபோது தரைவிரிப்பு முழுக்க நகக் கீறல். கேட்டால், அது தங்கையின் பூனை, பார்க்க வந்தது என்கிறாள். முழங்கால் தேய்ந்துபோன கில்ரே ஒரு நாளைக்குப் பத்து முறை நாலு மாடி ஏறி இறங்கினாள்.

இங்கேதான் மெங் ஜோங்கோக் வருகிறாள்.

ஜோங்கோக் சந்து முனையில் வீட்டுத் தரகு அலுவலகம் வைத்திருந்தவள். கில்ரேயைவிட எட்டு வயது சின்னவள். கட்டடம் எழும்பிய நாளிலிருந்து ஒன்பது வீட்டுக்கும் ஆள் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கோபமே வராது. மன்பொக் செத்தபோது மூன்று நாளும் சாவு மண்டபத்தில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் சூப் பரிமாறினாள். கில்ரேயின் கூடப் பிறந்த தங்கை பூசானிலிருந்து ஒரு வேளை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனாள். இவள் வாசல் செருப்பை வரிசைப்படுத்துகிற வரைக்கும் பார்த்துக்கொண்டாள். அப்படிப்பட்டவளை அக்கா தங்கை என்று கொண்டாடாமல் என்ன செய்வாள் கில்ரே?

ஒரு நாள், இருநூற்றிரண்டின் சமையல் தொட்டி அடைத்து, எண்ணெய்க் கட்டியைக் கம்பியால் குத்திக்கொண்டிருந்த கில்ரேயின் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள் ஜோங்கோக்.

"அக்கா, உனக்கு என்ன தலையெழுத்து? அறுபது வயசுல சாக்கடை குத்தறே. என்கிட்ட விட்டுடேன்."

"எதைடி விடறது?"

"எல்லாத்தையும். ஆள் பிடிக்கறது, காலி பண்றது, பாய்லர்காரன், காகிதக்காரன், குப்பைச் சண்டை எல்லாம் நான் பார்த்துக்கறேன். மாசம் பொறந்தா வாடகையை மொத்தமா உன் கணக்குல போட்டுடறேன். நீ போய்ச் சமூகக் கூடத்துல பாட்டு கிளாஸ் சேரு."

"கிண்டலா பண்றே?"

"நிஜமாத்தான். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நீ காலை நொண்டிக்கிட்டு என் ஆபீசுக்கு வரணுமா? முத்திரையை மட்டும் என்கிட்ட வை. போதும்."

முத்திரை என்றால் சும்மா இல்லை. அந்த ஊரில் கையெழுத்து அழகாக இருக்கலாம், ஆனால் வார்டு அலுவலகத்தில் பதிவு செய்த முத்திரை விழுந்தால்தான் காகிதத்துக்கு உயிர். விரல் நீளத்துக்கு ஒரு மரத்துண்டு. அடியில் பெயர் செதுக்கியிருக்கும். அது எங்கே இருக்கிறதோ அங்கே ஆளே இருக்கிற மாதிரி. பெற்ற பிள்ளையிடம் கொடுக்கவும் நாலு முறை யோசிப்பார்கள். ஆனால் வீட்டைத் தரகரிடம் ஒப்படைத்த பல வீட்டுக்காரர்கள் முத்திரையையும் சேர்த்து ஒப்படைக்கிற பழக்கம் சந்துக்குச் சந்து இருந்தது. அவசரத்துக்கு ஆள் வந்தால் உடனே குத்தி முடிக்கலாம், வீடு காலியாகக் கிடக்காது என்பது சௌகரியம். கில்ரேயும் கொடுத்தாள். அதிகாரப் பத்திரமும் எழுதிக் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"மாச வாடகைதான். போக்கியம் கூடவே கூடாது. உன் அத்தான் கடைசி வரைக்கும் அதைத்தான் சொன்னாரு."

"தெரியாதா அக்கா எனக்கு!" என்றாள் ஜோங்கோக்.

போக்கியம் என்றால் தெரியும்தானே. குடி வருகிறவர் பெரிய தொகையை மொத்தமாகக் கையில் கொடுத்துவிட்டு, வாடகையே கட்டாமல் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, போகும்போது முழுத் தொகையையும் திருப்பி வாங்கிப் போவது. அந்த நாட்டில் பாதிப் பேர் இப்படித்தான் குடியிருக்கிறார்கள். ஊரார் பணம் நம் கையில் இருந்தால் நமக்குத் தூக்கம் வராது என்று மன்பொக் கடைசி வரைக்கும் அதைத் தொடவில்லை. வீட்டுக்கு முப்பது லட்சம் வோன் முன்பணம், மாதம் மூன்றரை லட்சம் வாடகை. அதோடு சரி.

அப்புறம் ஆறு வருஷம் கில்ரே ராணியாக இருந்தாள். பாட்டு வகுப்புக்குப் போனாள். முழங்கால் அறுவை செய்துகொண்டாள். மாதம் இருபத்தைந்தாம் தேதி ஒன்பது வீட்டு வாடகையும் ஒரு நாள் பிசகாமல் வந்து விழுந்தது. குடியிருப்பவர்களோடு பேச்சு வார்த்தை வேண்டாம் என்று ஜோங்கோக் சொல்லி வைத்திருந்தாள். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வீட்டுக்காரி மூஞ்சியைப் பார்த்தாலே எரிச்சல் அக்கா. நீ ஒண்ணு சிரிச்சா அதுங்க ஒம்போது ரிப்பேர் சொல்லும்" என்றாள். கில்ரேயும் படியில் யாராவது எதிரில் வந்தால் தலையாட்டிவிட்டு ஒதுங்கிப் போனாள். எத்தனை நிம்மதி என்று நினைத்தாள். பைத்தியக்காரி!

போன வருஷம் பிப்ரவரி. மதிய வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த ஒரு சனிக்கிழமை. கதவு மணி அடித்தது. திறந்தால் முந்நூற்றிரண்டில் இருக்கிற தாக் ஹியோன்சு, கையில் பழச்சாறு பெட்டி. பேட்டரி தொழிற்சாலையில் வேலை. முப்பது வயது இருக்கும். நிற்கவே பயந்துகொண்டு நின்றான்.

"வீட்டுக்காரம்மா, மன்னிச்சுக்கோங்க. நேரா மேல வரக் கூடாதுன்னு தெரியும். எனக்கு குமி ஊருக்கு மாற்றல் வந்திடுச்சு. போன நவம்பரோட ரெண்டாவது கெடுவும் முடிஞ்சிருச்சு. தரகரம்மா இன்னிக்கு நாளைக்குன்னு இழுக்கறாங்க. வண்டி கூடப் பேசிட்டேன்."

"அதுக்கென்ன தம்பி, தாராளமா போ. முப்பது லட்சம்தானே, வந்துடும்."

அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தான். "முப்பது லட்சமா? ஆறு கோடிங்க."

"எந்த ஆறு கோடி?"

"என் போக்கியப் பணம்."

"அட, யாருகிட்ட வந்து என்ன பேசறே? நீ மாசம் மூணரை லட்சம் வாடகை கட்டற ஆளு."

"நான் ஒரு மாசம் கூட வாடகை கட்டினதில்லையேங்க!"

பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினான். கில்ரே மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஆறு கோடி வோன், போக்கியம். கீழே சிவப்பாக, வட்டமாக, அவளுடைய பெயர். அவள் முத்திரைதான். மூன்றாவது எழுத்தின் ஓரத்தில் ஒரு சின்ன விரிசல், அது கூட அப்படியே விழுந்திருந்தது. அப்புறம் தேதியைப் பார்த்தாள். நாலு வருஷத்துக்கு முந்தைய நவம்பர் இருபத்திரண்டு. அவளுடைய அறுபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள்.

அந்த நாளை அவள் எப்படி மறப்பாள்? அன்றைக்குத்தான் அவளும் ஜோங்கோக்கும் இதே வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, குளிர்காலத்துக்கு எண்பது முட்டைக்கோஸில் கிம்ச்சி ஊறுகாய் போட்டார்கள். மத்தியானம், "ஒரு சின்ன வேலை அக்கா, அரை மணில வந்துடறேன்" என்று ஜோங்கோக் கையைக் கழுவிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது வேகவைத்த பன்றி இறைச்சி வாங்கி வந்தாள். புதுக் கிம்ச்சி இலையில் இறைச்சித் துண்டை வைத்துச் சுருட்டி, மிளகாய் விழுது அப்பின கையாலேயே அவள் வாயில் ஊட்டினாள் கில்ரே.

ஆனால் பாருங்கள், நம்பிக்கை என்பது அவ்வளவு சீக்கிரம் செத்துப்போகிற சரக்கா? பையனை உட்காரச் சொல்லாமல் கூடச் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே சந்து முனைக்குப் போனாள்.

ஜோங்கோக் கணினி முன்னால் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் சிரித்தாள். கண் வழக்கம் போல மூடிக்கொண்டது.

"ஐயோ அக்கா, அந்தப் பையனா? வங்கிக் கடன் வாங்கறதுக்குப் பொய் ஒப்பந்தம் தயார் பண்ணியிருக்கான். இப்ப இதுதான் பிள்ளைங்க நடுவுல புதுத் தொழில். முத்திரையைக் கூட கம்ப்யூட்டர்ல அச்செடுத்துடறாங்க."

"விரிசல் கூட இருக்குடி அதுல."

"அச்செடுத்தா விரிசலும்தானே வரும்? நீ ஒண்ணும் பேசாதே. பேசினா உன்னையும் போலீஸ் கூப்பிடும். நாளைக்குக் காலைல ஒம்போது வீட்டு ஒப்பந்த அசலையும் எடுத்துக்கிட்டு வர்றேன், நீயே கண்ணால பாரு." ஒரு பை ஆரஞ்சை அள்ளி அவள் கையில் திணித்தாள். "உன் ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டியா இன்னிக்கு?"

கில்ரேக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இறங்கின வேகத்தில் கோபம் ஏறியது. நேரே முந்நூற்றிரண்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, படிக்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"யாரு மேலடா பழி போடறே? அவ என் தங்கச்சி! என் புருஷன் சாவுல மூணு நாள் நின்னவ! பொய்க் காகிதத்தைத் தூக்கிக்கிட்டு என் வாசல்ல வந்து நிக்கறியே, வெட்கமா இல்ல?"

பையன் முகம் வெளுத்துப்போனதை அவள் பார்த்தாள். மாட்டிக்கொண்ட திருடனின் முகம் என்று நினைத்தாள். ஆரஞ்சைச் சாப்பிட்டாள், மாத்திரையைப் போட்டாள், தூங்கினாள்.

மறுநாள் பத்து மணி ஆகியும் ஜோங்கோக் வரவில்லை. போன் அணைந்திருந்தது. கில்ரே போய்ப் பார்த்தபோது அலுவலகத்தின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. தட்டினாள். பக்கத்து அரிசிக் கடைக்காரர் வெளியே வந்து, "விடிஞ்சும் விடியாம ஒரு சின்ன லாரி வந்துதே, சாமானெல்லாம் ஏத்தினாங்க. உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். கில்ரே அந்த இரும்புக் கதவை இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே நின்றாள். ஒரு நாள். முழுசாக ஒரு நாள் அவகாசம் கொடுத்துவிட்டாள் அந்தப் பாவிக்கு, அதையும் ஒரு அப்பாவிப் பையனைத் திட்டிக்கொண்டே.

அன்று மத்தியானம் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். ஒன்பதில் ஏழு வீடு போக்கியம். ஏழிலும் அவள் முத்திரை. எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டு கோடி வோன். மாலையில் ஏழு பேரும் அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு ஒப்பந்தம் மடியில். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிற இருநூற்று மூன்று செமிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எதுக்கும்மா எங்ககிட்ட கேக்கறீங்க? உங்க முத்திரைதானே இது?"

"என் முத்திரைதாம்மா. ஆனா நான் குத்தலை."

"உங்க வீட்டு முத்திரை தானா நடந்து போய்க் குத்திக்கிச்சா?"



"நாலு வருஷமா ஒரே கட்டடத்துல இருக்கீங்க. ஒரு தடவையாவது எங்ககிட்ட வந்து பேசியிருந்தீங்கன்னா..." என்று கில்ரே ஆரம்பித்தாள்.

"எப்படிம்மா பேசறது?" என்றாள் செமி. "நீங்க பணத்தைப் பத்திக் கேட்டா அடுத்த நாளே காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு தரகரம்மா சொல்லியிருந்தாங்க. நூத்தி மூணுல கைக்குழந்தையோட இருந்த ஒரு அம்மாவைப் பனியில வெளிய தள்ளினீங்களாமே."

நூற்றிமூன்றில் என்றைக்கும் கைக்குழந்தையோடு யாரும் இருந்ததில்லை. கில்ரே அதைச் சொல்ல வாயெடுத்தாள். ஏழு முகங்களையும் பார்த்தாள். நம்பாத முகங்கள். ஆறு வருஷமாகத் தன் வீட்டு மாடிப்படியிலேயே தான் ஒரு பேயாகத் திரிந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பணம் போனது கூட அப்புறம். அடிப்பாவி, என்னைப் பற்றி இப்படியா சொன்னாய்?

வார்டு அலுவலகத்தில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிற ஒரு வக்கீல் இருந்தார். காகிதத்தையெல்லாம் பார்த்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"நீங்க முத்திரையும் அதிகாரப் பத்திரமும் கொடுத்திருக்கீங்க. அது உங்களுக்கு எதிரா நிக்கும். ஆனா மாச வாடகைக்கு மட்டும்தான் அதிகாரம் கொடுத்தேன், நானும் ஏமாந்தவதான்னு வழக்காடலாம். மூணு வருஷம் இழுக்கும். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. ஜெயிச்சா கட்டடம் உங்களுக்கு."

"அந்தப் பிள்ளைங்களுக்கு?"

"அந்தத் தரகர்கிட்ட ஏதாவது மிச்சம் இருந்தா கிடைக்கும். இருக்காது." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு நீதிபதி கேப்பாரு. அந்த ஏழு வீட்டுக்கு இத்தனை வருஷமா உங்களுக்கு மாசா மாசம் வாடகை வந்திருக்கே. குடியிருந்தவங்க கட்டலை. அப்ப அந்தப் பணம் எங்கேருந்து வந்துச்சு?"

கில்ரே யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் போக்கியப் பணத்திலிருந்துதான் கிள்ளிக் கிள்ளி அவளுக்கு வாடகை என்று ஜோங்கோக் போட்டிருக்கிறாள். பாட்டு வகுப்புக் கட்டணம், முழங்கால் அறுவை, பேரனுக்கு வாங்கின சைக்கிள். அத்தனையும் செமியின் காசு, தாக் ஹியோன்சுவின் காசு.

மகன் உல்சானிலிருந்து போனில் கத்தினான். "அம்மா, வழக்கு போடு. நீ ஏமாந்தவ. நீ ஏன் கட்டணும்? அது அப்பாவோட ரத்தம்!"

"அப்பாவோட ரத்தம்தான்டா. அதான் சொல்றேன்."

"என்ன சொல்றே, ஒண்ணும் புரியலை."

"உனக்குப் புரிய வேண்டாம். வை போனை."

வழக்குப் போடவில்லை. ஏழு பேர் பணத்தையும் கொடுத்துவிட, கோடை முழுக்கக் கட்டடத்தை விற்க அலைந்தாள். விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது; வந்தவனெல்லாம் அடிமாட்டு விலை கேட்டான். பார்க்க வந்த ஒருத்தன் குழாயைத் திறந்து மூடி, சுவரைத் தட்டி, "பூசணம் இருக்கும் போலிருக்கே" என்று ஐந்து கோடி குறைத்தான். அந்தச் சுவர் எழும்பியபோது செங்கல் சுமந்தவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்டோபரில் அறுபது கோடிக்கு முடிந்தது. வங்கிக் கடன் போக, ஏழு பேருடைய போக்கியமும் போக, அவளுக்கு மிஞ்சியது ஊருக்கு வெளியே ஒரு பழைய குடியிருப்பில் ஒற்றை அறை பிடிக்கக் காணும்.

ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் காலி செய்தார்கள். தாக் ஹியோன்சு எட்டு மாதமாகக் குமிக்கும் சோங்ஜூவுக்கும் பஸ்ஸில் அலைந்து உடம்பு பாதியாகியிருந்தான். பணம் கணக்கில் விழுந்ததைப் போனில் பார்த்துவிட்டுத் தலை குனிந்து வணங்கினான். நன்றி சொல்லவில்லை. அவன் பணம் அவனுக்கு வந்தது, எதற்கு நன்றி? கில்ரேதான், "அன்னைக்குப் படியில உன்னைத் திட்டினேனே தம்பி..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நின்றாள். "விடுங்க" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள் என்று அவனுக்குத் தெரியாது.

இதற்கிடையில் ஜோங்கோக்கைப் போலீஸ் பிடித்துவிட்டது. மோக்போவில் ஒரு மீன் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாளாம். பணமெல்லாம் எங்கேயோ தீவில் நிலம், இரண்டே வருஷத்தில் இரட்டிப்பு என்று சொன்ன யாரிடமோ கொடுத்து அவளும் ஏமாந்திருந்தாள். ஒரு வீட்டில் எடுத்ததை மறைக்க இன்னொரு வீடு, அதை மறைக்க இன்னொன்று என்று ஏழு ஆகிவிட்டது.

போகக் கூடாது என்றுதான் கில்ரே நினைத்திருந்தாள். ஆனால் வீட்டை ஒப்படைத்த மறு வாரம் கால் தானாகக் காவல் சிறைக்குப் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை அவள் வாயால் கேட்க வேண்டும். அதிகம் வேண்டாம். மன்னித்துக்கொள் அக்கா என்று ஒரு வார்த்தை. பார்க்கிற நேரம் பத்து நிமிஷம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பழுப்பு உடுப்பில் ஜோங்கோக் வந்து உட்கார்ந்தாள். முடி நரைத்திருந்தது. கில்ரேயைப் பார்த்ததும் அழுதாள். அதைப் பார்த்து இவளுக்கும் கண் கலங்கிவிட்டது, என்ன செய்வது.

"எனக்கேண்டி இப்படிப் பண்ணினே?" என்றாள்.

"வேற யாருகிட்ட அக்கா பண்ண முடியும்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள் ஜோங்கோக். "என்கிட்ட அந்தச் சந்துல பதினோரு கட்டடம் இருந்துச்சு. மத்தவங்க எல்லாம் மாசா மாசம் வந்து உக்காந்து ஒப்பந்தத்தைக் காட்டு காட்டுன்னு உயிரை வாங்குவாங்க. நீ ஒருத்திதான் ஒண்ணுமே கேட்டதில்ல."

கில்ரே, "கட்டடத்தை வித்துட்டேன். ஏழு பேருக்கும் முழுசாக் கொடுத்துட்டேன்" என்றாள். அதைச் சொல்லத்தான் வந்தாளோ என்னவோ. நீ கெடுத்ததை நான் சரி பண்ணிவிட்டேன், பார் என்று சொல்ல.

ஜோங்கோக் தலையை நிமிர்த்தினாள். "ஏழு பேருக்குமா? ஒருத்தர் பாக்கியில்லாம?"

"ஒருத்தர் பாக்கியில்ல."

அந்த முகத்தில் என்ன வெளிச்சம் வந்தது தெரியுமா! கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள், கண் மூடிக்கொண்டது.

"அக்கா, நீ தெய்வம்! என் வக்கீல் இதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்தப் பிள்ளைங்களுக்குப் பணம் கிடைச்சிட்டா தண்டனை பாதியாக் குறையுமாம். ஏழு பேர் இளம் பிள்ளைங்கன்னா நீதிபதி விட மாட்டாராம். இப்ப பாதிக்கப்பட்டது ஏழு பேர் இல்ல, ஒரே ஒருத்தர்தான்னு ஆயிடுச்சு பாரு. அது நீதானே. என்னை மன்னிச்சுட்டேன்னு நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க மாட்டியா அக்கா?"

ஒன்பது அறை, இருபத்தேழு வருஷம், மன்பொக்கின் முதுகு. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் விற்றோம், அது ஒன்றாவது நம்முடையது என்று கில்ரே நினைத்துக்கொண்டிருந்தாளே, அதையும் இவள் எடுத்துக்கொண்டாள்.

"என் வீட்டை ரெண்டாவது தடவையும் வித்துட்டியேடி" என்றாள்.

நேரம் இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. "அக்கா, அக்கா, கடிதம்..." என்று ஒலிபெருக்கியில் குரல் கேட்டுக்கொண்டிருக்க, கில்ரே நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள்.